ஒட்டகத்துப் பக்கம் திரும்பும் ஓடை

அமலோற்பவம்: நிறுத்துடி! நிறுத்துடி ஜாய்ஸு! சூசையப்பருக்கு முழங்கால் வரைக்கும் தண்ணி வந்துடுச்சு!

ஜாய்ஸ்: சுவிட்சு எங்க அத்தை? சுவிட்சையே காணோமே!

அமலோற்பவம்: வைக்கோலுக்கு அடியில... அங்க இல்லடி, மாட்டுக்குப் பின்னாடி...

ஜாய்ஸ்: எந்த மாடு?

அமலோற்பவம்: குடில்ல இருக்கற மாடு! நம்ம வீட்டு மாடா இங்க வந்து படுத்திருக்கு?

ஜாய்ஸ்: அப்பாடா... நின்னுடுச்சு.

அமலோற்பவம்: ஆடு ரெண்டு கெளம்பிடுச்சு பாரு. புடி, புடி, வாசலத் தாண்டிப் போகுது.

ஜாய்ஸ்: சிரிக்காதீங்க அத்தை. நீங்க சிரிச்சா எனக்கும் வருது.

அமலோற்பவம்: போன வருசம் கிறிஸ்துமசுக்கு இதே ஆடுதான்டி மெதந்து போய் ஃபாதர் செருப்பு மேல ஏறி நின்னுச்சு. அந்த நெனப்பு வந்துடுச்சு.

ஜாய்ஸ்: அந்த நெனப்புதான் உங்க மகனை குவைத்துக்கு ஏத்தி விடப் போகுது. தெருப் பசங்க வெச்ச பேரு ஞாபகம் இருக்குல்ல?

அமலோற்பவம்: வெள்ள நிவாரணம் கிளமென்ட்டு. மறப்பேனா? பால் வாங்கப் போனா, 'பெரியம்மா, நிவாரணம் எப்ப வரும்'னு என்கிட்டயே கேட்டானுங்க.

ஜாய்ஸ்: அந்த வெக்கத்துலதான் மனுசன் நேத்து சாயங்காலம் இதே எடத்துல முட்டி போட்டாரு. அவரு வேண்டிக்கிட்டது உங்களுக்கும் கேட்டுச்சுல்ல?

அமலோற்பவம்: கேக்காம? மாதாகோயில் மைக்கு செட்டு மாதிரில்ல வேண்டிக்கிட்டான். 'குழந்தை சேசுவே, நாளைக்கு ஃபாதர் வந்து குடிலை மந்திரிச்சு முடிக்கிற வரைக்கும் ஓடையிலேருந்து ஒரு சொட்டு வெளிய சிந்தலன்னா, நான் இங்கயே இருந்து மோட்டார் ரிப்பேரு கடை போடுறேன். சிந்திடுச்சுன்னா குவைத்துக்குக் கெளம்புறேன்'னு...

ஜாய்ஸ்: ஒரு மனுசன் பொண்டாட்டிய விட்டுப் போறதா வேணாமான்னு குடில் தண்ணிகிட்டயா கேப்பான்?

அமலோற்பவம்: அவங்கப்பா மட்டும் என்னவாம்? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, காக்கா கத்தினா சரின்னு சொல்றேன்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டாராம்.

ஜாய்ஸ்: கத்துச்சா?

அமலோற்பவம்: எங்க தம்பி கத்தினான். கொல்லையில கருவேப்பிலை மரத்துக்குப் பின்னாடி நின்னுகிட்டு.

ஜாய்ஸ்: அத்தை! உங்க தம்பிக்கு எப்படித் தெரிஞ்சுது?

அமலோற்பவம்: வர்ற வழியிலயே டீக்கடையில வாய விட்டுட்டாரு அந்த மனுசன். வேண்டிக்கிறதை வெளிய சொல்றது இந்தக் குடும்பத்துக்கே வழக்கம்.

ஜாய்ஸ்: கடைசி வரைக்கும் மாமாவுக்குத் தெரியாதா?

அமலோற்பவம்: எப்பல்லாம் சண்டை போட்டமோ அப்பல்லாம் 'அந்தக் காக்காயச் சொல்லணும்'பாரு. நான் வாயே தெறக்கல.

ஜாய்ஸ்: அப்ப இன்னிக்கு நாம ரெண்டு பேரும் காக்கா.

அமலோற்பவம்: ஆமா. ஆனா இந்தக் காக்கா இப்பதான் குடில வெள்ளக்காடா ஆக்கி வெச்சிருக்கு. ஏன்டி இப்படிப் பாயுது? மலை உச்சியில டிரம்மு, அதுலேருந்து ஓடை, கீழ தொட்டி. அளவா அழகாத்தானே கட்டிருக்கான்?

ஜாய்ஸ்: ஓடைக்கு உள்ள தடவிப் பாருங்க.

அமலோற்பவம்: வழவழன்னு இருக்கு. நான்தான் சொன்னேன், சிமெண்டு போட்டு நல்லா இழைச்சுப் பூசுடான்னு.

ஜாய்ஸ்: நீங்களா சொன்னீங்க?

அமலோற்பவம்: பின்ன? வாய்க்கால்னா தூர் வாரி, மேடு பள்ளம் இல்லாம, நேரா ஒரே மட்டமா இருக்கணும். அப்பத்தானே கடைமடை வரைக்கும் தண்ணி போவும்? எத்தன வருசம் நான் மண்வெட்டி புடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?

ஜாய்ஸ்: அது நம்ம ஊருக்கு அத்தை. இங்க நெலம் தட்டையா கெடக்கு. தண்ணிய கெஞ்சிக் கூத்தாடி நகத்தணும். மலையில அது நிக்கவே நிக்காது. தள்ளி விடவே வேணாம், புடிச்சு இழுத்து நிறுத்தணும்.

அமலோற்பவம்: மலைக்குப் பொறந்தவ சொல்ற.

ஜாய்ஸ்: வால்பாறையில எங்க வீட்டுக்குப் பின்னாடியே ஓடை. அப்புறம் எம்.இ. படிச்சப்ப ரெண்டு வருசம் அதையேதான் அளந்தேன். இப்ப பாலிடெக்னிக்ல பசங்களுக்கு அதத்தான் நடத்துறேன். கூடவே குடியிருக்கேன், ஒரு வார்த்தை என்னைக் கேட்டாரா?

அமலோற்பவம்: போன வருசம் அவன் கூட்டாளிங்க முன்னாடி நீ என்ன சொன்ன?

ஜாய்ஸ்: என்ன சொன்னேன்?

அமலோற்பவம்: 'இது ஓடை இல்ல, சாக்கடை'ன்ன.

ஜாய்ஸ்: சாக்கடையாத்தானே இருந்துச்சு!

அமலோற்பவம்: இருந்தா? சொல்லிடுறதா? 'இனிமே என் குடில்ல நீ கை வைக்காத'ன்னு அன்னிக்கு சொன்னவன்தான்.

ஜாய்ஸ்: அதனாலதான் அவரு லைட்டு வாங்க திருத்துறைப்பூண்டிக்குப் போன நேரமா பாத்து வெச்சிருக்கேன் கைய. ஃபாதர் ஆறு மணிக்கு வந்துடுவாரு. வாங்க சீக்கிரம்.

அமலோற்பவம்: ஏன்டி, மோட்டாரக் கொஞ்சம் மெதுவா ஓட விட்டா என்ன?

ஜாய்ஸ்: கூலர்லேருந்து கழட்டின மோட்டாரு அத்தை. ஓடும், இல்லன்னா நிக்கும். வேற எதுவும் அதுக்குத் தெரியாது.

அமலோற்பவம்: இவன மாதிரியே.

ஜாய்ஸ்: இங்க பாருங்க, இந்த வளைவுதான் வம்பு. ஓடை மலையிலேருந்து நேரா தொட்டிக்கு எறங்கிருந்தா கூட தப்பிச்சிருக்கலாம். பாதியில வெடுக்குன்னு எடது பக்கம் திரும்புது. வர்ற வேகத்துக்குத் தண்ணி திரும்புமா? நேரா கரை மேல ஏறிக் குதிக்குது. குதிச்சு எங்க விழுது?

அமலோற்பவம்: ஒட்டகத்து மேல.

ஜாய்ஸ்: இந்த ஒட்டகம் இங்க என்ன பண்ணுது?

அமலோற்பவம்: அதத்தான் நானும் கேட்டேன். மூணு ராஜாக்கள் வர இன்னும் நாள் கெடக்கு. நம்ம வீட்டுல ராஜாக்கள் திருநாள் அன்னிக்குத்தான் ஒட்டகத்தையே எறக்குவோம். இந்த வருசம் ராஜாவக் காணோம், ஒட்டகம் மட்டும் முந்திகிட்டு வந்துடுச்சு. கேட்டா, 'அது தண்ணி குடிக்க வந்துச்சும்மா'ங்கறான்.

ஜாய்ஸ்: அதத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சுட்டா, நான் வளைவ நேராக்கிடுவேன்.

அமலோற்பவம்: ஐயோ, தொடாத! போகும்போது அத மட்டும்தான் சொல்லிட்டுப் போனான். 'அம்மா, எது வேணா பண்ணிக்க, ஒட்டகத்தை அசைச்சுடாத'ன்னு. அசைச்சா கண்டுபிடிச்சுடுவான்.

ஜாய்ஸ்: சரி, ஒட்டகம் இருக்கட்டும். வளைவும் இருக்கட்டும். தண்ணி வளைவுக்கு வரும்போதே அடங்கி வரணும். அதுக்குக் கல்லு வேணும்.

அமலோற்பவம்: கல்லா? நம்ம ஊர்ல கல்லுக்கு எங்கடி போறது? தோண்டினா களிமண்ணு. அதுக்கும் கீழ தோண்டினா அதுவும் களிமண்ணு.

ஜாய்ஸ்: நூர்ஜஹான் அக்கா வீடு கட்டுறாங்கல்ல? வாசல்ல ஜல்லி கொட்டிக் கெடக்கே?

அமலோற்பவம்: இரு, முந்தானையில அள்ளிட்டு வரேன். கேட்டா குழந்தை சேசுவுக்குன்னு சொல்லிக்கறேன். அந்தப் புள்ள ஒரு சட்டி கூடப் போட்டு அனுப்பும்.

ஜாய்ஸ்: பெருசு பெருசா பொறுக்குங்க!

அமலோற்பவம்: இந்தா. போதுமா?

ஜாய்ஸ்: போட்டுப் பாப்போம். ஓடை பூரா எறைச்சு விடுங்க... ம். சுவிட்சப் போடுங்க.

அமலோற்பவம்: போட்டுட்டேன். வருது... ஐயோ, கல்லும் சேந்து வருது! ஜாய்ஸு, மலையே எறங்கி வருது!

ஜாய்ஸ்: நிறுத்துங்க, நிறுத்துங்க!

அமலோற்பவம்: எல்லாம் தொட்டிக்குள்ள போய் உக்காந்துடுச்சு. இதுக்கா ரெண்டு வருசம் படிச்ச?

ஜாய்ஸ்: சின்னக் கல்லு அத்தை... அடி வழவழன்னு இருக்கறதால புடிமானம் இல்ல. உருண்டுடுச்சு. இன்னும் கனமா ஏதாவது வேணும். தண்ணி தூக்க முடியாத மாதிரி.

அமலோற்பவம்: அம்மிக் குழவி?

ஜாய்ஸ்: தருவீங்களா?

அமலோற்பவம்: மிக்சி வந்ததுலேருந்து அது சும்மாதானே கெடக்கு. என் மகன் இங்க இருக்கணும்னா அம்மியையும் சேத்துத் தர்றேன். எடுத்துட்டு வரவா?

ஜாய்ஸ்: குழவி போதும், குழவி போதும்!

அமலோற்பவம்: குறுக்க வை. நல்லா பதிச்சு வை. ஆங்... போடு சுவிட்ச.

ஜாய்ஸ்: நிக்குது அத்தை! தண்ணி நிக்குது!

அமலோற்பவம்: நிக்குது... நிக்குது... ஏன்டி, நின்னுகிட்டே இருக்கே? கீழயே வரலயே?

ஜாய்ஸ்: ஐயோ, ரெண்டு பக்கமும் வழியுது!

அமலோற்பவம்: கல்லணை கட்டிட்டடி! ஓடை கட்டச் சொன்னா கல்லணையக் கட்டி வெச்சிருக்கா!

ஜாய்ஸ்: சிரிச்சது போதும், நிறுத்துங்க அத்தை! மேல தொங்கற சம்மனசு றெக்கையெல்லாம் நனையுது!

அமலோற்பவம்: நிறுத்திட்டேன்... ஐயோ, வயிறு வலிக்குது. ஏ, போன் அடிக்குது பாரு. அவன்தான்!

ஜாய்ஸ்: ஸ்பீக்கர்ல போடுறேன். நீங்க மூச்சு விடாதீங்க. ஹலோ... சொல்லுங்க.

கிளமென்ட்: ஜாய்ஸ், சீரியல் லைட்டு பச்சை வாங்கவா, நீலம் வாங்கவா?

ஜாய்ஸ்: எது வேணா வாங்குங்க. நிதானமா பாத்து வாங்குங்க. அவசரமே இல்ல.

கிளமென்ட்: அதென்ன சொட்டு சொட்டுன்னு சத்தம்?

அமலோற்பவம்: நான்தான்டா, பாத்திரம் கழுவுறேன்.

கிளமென்ட்: பாஸ்போர்ட்டு கெடைச்சுதா?

ஜாய்ஸ்: இல்லங்க. பீரோ, பரண், அரிசி டிரம்மு, எல்லாம் பாத்தாச்சு.

கிளமென்ட்: சரி சரி, தேடுங்க. ஏஜென்ட்டு வேற கூப்பிட்டுகிட்டே இருக்காரு. நாளன்னிக்கு பிளேனு... அப்புறம், குடில் பக்கம் யாரும் போகலயே?

ஜாய்ஸ்: நாங்க எதுக்குங்க அங்க போறோம்?

கிளமென்ட்: அந்த ஒட்டகத்தை மட்டும் யாரும் தொடாதீங்க. பெயின்ட்டு காயல.

அமலோற்பவம்: தொடல, தொடல. நீ வண்டிய மெதுவா ஓட்டிட்டு வா.

ஜாய்ஸ்: வெச்சுட்டாரு.

அமலோற்பவம்: பெயின்ட்டு காயலயாம்! வேளாங்கண்ணியில நான் கைய வெச்சுத் தடவிப் பாத்து வாங்குன ஒட்டகம் அது. காய்ஞ்சு பல மாசம் ஆச்சு.

ஜாய்ஸ்: எனக்கு இன்னொண்ணும் புரியல அத்தை. பாஸ்போர்ட்டைத் தொலைச்சவரு பேசுற மாதிரியா இருக்கு? காலையில பீரோவக் கவுத்துப் போட்டுத் தேடுறாரு... விசில் அடிச்சுகிட்டே தேடுறாரு.

அமலோற்பவம்: பதட்டத்துல சிலருக்கு விசில் வரும். அது கெடக்கட்டும். ஜாய்ஸு... இங்க வா. அத்தைகிட்ட மட்டும் சொல்லு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.

ஜாய்ஸ்: எத?

அமலோற்பவம்: எங்க ஒளிச்சு வெச்ச?

ஜாய்ஸ்: எதைக் கேக்குறீங்க?

அமலோற்பவம்: பாஸ்போர்ட்டைத்தான்டி.

ஜாய்ஸ்: நானா? நான் நீங்கதான்னுல்ல நெனச்சுகிட்டு இருக்கேன்!

அமலோற்பவம்: மாதா சத்தியமா நான் எடுக்கல!

ஜாய்ஸ்: அரிசி டிரம்முக்குள்ள தோள்பட்டை வரைக்கும் கைய விட்டுத் தேடுனீங்களே... என்னமா நடிக்கிறாங்க நம்ம அத்தைன்னு நெனச்சேன்.

அமலோற்பவம்: நான் நெசமாத்தான்டி தேடுனேன்! கெடைச்சா எடுத்து ஒளிச்சு வைக்கலாமேன்னு!

ஜாய்ஸ்: நானும் அதுக்குத்தான் அத்தை தேடுனேன்!

அமலோற்பவம்: அடிப்பாவி!

ஜாய்ஸ்: நீங்க எடுத்துட்டீங்கன்னு நெனச்சு உங்களுக்காக நேத்து அவருகிட்ட எவ்வளவு பொய் சொல்லிருக்கேன் தெரியுமா?

அமலோற்பவம்: நான் உனக்காக சொல்லல? 'ஜாய்ஸுக்கு ஒண்ணும் தெரியாதுடா, அவ நீ போறதுக்கு நாள எண்ணிகிட்டு இருக்கா'ன்னேன்.

ஜாய்ஸ்: ஐயோ, அப்படியா சொன்னீங்க?

அமலோற்பவம்: சந்தேகம் வரக் கூடாதுன்னு சொன்னேன்... ஏன்டி, அப்ப உனக்கு அவன் போறதுல இஷ்டம் இல்லயா?

ஜாய்ஸ்: எப்படி அத்தை இருக்கும்? கல்யாணம் ஆகி பாதி நாள் போன்லதான் குடும்பம் நடத்திருக்கேன். திரும்பி வந்துட்டாருன்னு நிம்மதியா மூச்சு விட்டேன். மறுபடியும் விசா வந்துடுச்சுன்னாரு. நீங்க வேற தெரு பூரா சொல்லி சந்தோசப்பட்டீங்க. நான் குறுக்க நின்னா நல்லாருக்குமா?

அமலோற்பவம்: தெருவுல வேற என்னத்த சொல்லுவாங்க? மகன் வெளிநாடு போறான், எனக்கு அனுப்ப மனசு இல்லன்னா? நான் உனக்காகத்தான் பேசாம இருந்தேன். சின்னஞ்சிறுசு, வீடு வாசல்னு ஆசை இருக்கும், கெழவி நாம ஏன் தடுக்கணும்னு...

ஜாய்ஸ்: நல்ல குடும்பம் போங்க.

அமலோற்பவம்: இப்ப போய் அவன்கிட்ட சொல்லிடலாமா?

ஜாய்ஸ்: பெட்டி வாங்கியாச்சு. கூட்டாளிங்க பிரியாணி போட்டு வழியனுப்பியாச்சு. இனிமே நாம சொல்லி அவரு நின்னா, 'பொண்டாட்டி தடுத்துட்டா'ன்னு ஊரே பேசும். அவரு பொறுப்பாரா? சாமி சொல்லி நின்னாதான் உண்டு.

அமலோற்பவம்: அப்ப சாமி சொல்லட்டும். நாம கல்ல அடுக்குவோம். ஆனா ஜாய்ஸு... சாமி கொடுக்கற அடையாளத்துல நாம கை வைக்கிறோமேன்னு இருக்குடி.

ஜாய்ஸ்: கல்லு வைக்கக் கூடாதுன்னா வேண்டிக்கிட்டாரு? சொட்டு சிந்தக் கூடாதுன்னுதானே?

அமலோற்பவம்: அதுவும் சரிதான். சொல்லு, அடுத்து என்ன?

ஜாய்ஸ்: ஒரே கல்லு போட்டா அணை. படிக்கட்டு மாதிரி போடணும் அத்தை. ஒரு கல்லு வரிசை, அதுக்குக் கீழ ஒரு குட்டை. மறுபடி கல்லு, மறுபடி குட்டை. தண்ணி கல்லுலேருந்து குட்டைக்குள்ள தொபுக்குன்னு விழும். விழுந்த வேகம் அங்கயே செத்துடும். சும்மா வழிஞ்சுதான் அடுத்த படிக்கு வரணும்.

அமலோற்பவம்: மாடிப் படியில நான் எறங்குற மாதிரி. ஒவ்வொரு படிக்கும் நின்னு மூச்சு வாங்கி.

ஜாய்ஸ்: அதேதான்! இப்ப இருக்கறது சறுக்கு மரம். அதான் ஒரே பாய்ச்சலா பாயுது. அத உடைக்கணும். கடப்பாறை இருக்கா?

அமலோற்பவம்: அவன் பூசுன சிமெண்ட்டையா உடைக்கப் போற?

ஜாய்ஸ்: குட்டை குட்டையா கொத்தி விடுறேன். நீங்க குழவிய மேல் படிக்கு வைங்க. இன்னும் ரெண்டு பெரிய கல்லு வேணுமே...

அமலோற்பவம்: ஊறுகா ஜாடிக்குள்ள அமுக்கி வெச்ச கல்லு ஒண்ணு இருக்கு. நாரத்தங்காய் ஜாடியிலயும் ஒண்ணு இருக்கு.

ஜாய்ஸ்: ரெண்டையும் எடுத்துட்டு வாங்க. வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்லையும்.

அமலோற்பவம்: நாரத்தங்காய் கல்ல கழுவணுமா?

ஜாய்ஸ்: தண்ணியிலதானே கெடக்கப் போகுது! ஆங், அப்படி இல்ல... ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்கற மாதிரி. தனியா வெச்சா உருண்டுடும். ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கணும். ஜல்லிய சந்துல சொருகுங்க. சுவிட்சப் போடட்டா?

அமலோற்பவம்: இரு. ஓரத்தப் பாத்தியா? கல்லுக்கும் கரைக்கும் நடுவுல சந்து இருக்கு. தண்ணி வந்தா மொதல்ல அதத்தான் தேடும்.

ஜாய்ஸ்: சிமெண்டு போட நேரம் இல்லயே.

அமலோற்பவம்: சிமெண்டு எதுக்கு? களிமண்ணு கொஞ்சம், வைக்கோல் கொஞ்சம். பெசைஞ்சு அடிச்சா எவ்வளவு பெரிய மடையும் அடையும். தள்ளு. இது என் பாடம்.

ஜாய்ஸ்: அத்தை, வளைவுக்கு முன்னாடி மட்டும் பெரிய குட்டையா ஒண்ணு கொத்திருக்கேன். அங்க நின்னு சுத்திட்டுத்தான் திரும்பணும். வெளிக் கரைய நீங்க கொஞ்சம் ஒசத்தி விடுங்க.

அமலோற்பவம்: ஒட்டகத்துப் பக்கமா? விட்டுட்டேன். ம்... போடு.

ஜாய்ஸ்: போட்டாச்சு.

அமலோற்பவம்: மேல குட்டை ரொம்புது... எறங்குது... அடுத்தது ரொம்புது... ஏ, நெதானமா வருதுடி. ராணி மாதிரி வருது!

ஜாய்ஸ்: வளைவப் பாருங்க, வளைவப் பாருங்க...

அமலோற்பவம்: சுத்துது... திரும்பிடுச்சு! திரும்பிடுச்சுடி! ஒட்டகத்துக் கால் கூட நனையல! ...ஏன்டி, அழுவுறியா?

ஜாய்ஸ்: இல்ல... இந்தச் சத்தம். கேளுங்க. முன்னாடி 'சர்'ருன்னு குழாய் மாதிரி இருந்துச்சு. இப்ப பேசுது பாருங்க.

அமலோற்பவம்: ஆமா. நம்ம வீட்டு வாசல்ல மலை ஓடை... சரி, மூக்கத் தொடைச்சுக்க. வண்டிச் சத்தம் கேக்குது. சுவிட்ச அமத்து! சாக்க எடுத்து மேல போடு!

கிளமென்ட்: அம்மா! ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க?

அமலோற்பவம்: சும்மா... காத்து வாங்குறோம்.

கிளமென்ட்: கையெல்லாம் சேறு?

ஜாய்ஸ்: களிமண்ணு பூசினா கை மிருதுவா ஆகுமாம். யூடியூப்ல பாத்தோம்.

கிளமென்ட்: நீயுமாம்மா?

அமலோற்பவம்: ஏன், எனக்கு ஆசை இருக்கக் கூடாதா?

கிளமென்ட்: ஓடை மேல எதுக்கு சாக்கு?

ஜாய்ஸ்: தூசி விழுமேன்னு...

கிளமென்ட்: ஒட்டகத்தை யாரும் அசைக்கலயே?

அமலோற்பவம்: அந்த ஒட்டகத்தையே கட்டிகிட்டு அழு. தெருமுனையில ஃபாதர் வண்டி வந்துடுச்சு பாரு. லைட்ட மாட்டு.

கிளமென்ட்: ஐயையோ, ஒரு தடவ கூட ஓட விட்டுப் பாக்கலயே! ஃபாதர், வாங்க ஃபாதர், ஸ்தோத்திரம்... ஜாய்ஸ், மெதுவா அந்தச் சாக்க எடு.

ஜாய்ஸ்: எடுத்துட்டேன். ஷ்ஷ்... செபம் ஆரம்பிச்சுட்டாரு. சுவிட்சப் போடுங்க.

கிளமென்ட்: போட்டுட்டேன். சேசுவே, மாதாவே... ஏன் இன்னும் கீழ வரல? இந்நேரம் பாஞ்சு வந்திருக்கணுமே.

ஜாய்ஸ்: குட்டை ரொம்பிட்டுத்தான் வரும்.

கிளமென்ட்: எந்தக் குட்டை? அம்மா... அது நம்ம அம்மிக் குழவிதானே?

அமலோற்பவம்: செபத்துல பேசாதடா.

கிளமென்ட்: குழவி எப்படி மலை மேல ஏறுச்சு?

அமலோற்பவம்: நடந்து ஏறுச்சு. கண்ண மூடு.

கிளமென்ட்: ஃபாதர் என்னமோ மோந்து மோந்து பாக்குறாரு.

ஜாய்ஸ்: அத்தை, நாரத்தங்காய்...

அமலோற்பவம்: நான்தான் கழுவணுமான்னு கேட்டேனே!

கிளமென்ட்: வளைவுக்கு வந்துடுச்சு... ஜாய்ஸ், என் கையப் புடி. ஏறுது... ஒட்டகத்துப் பக்கம் ஏறுது...

ஜாய்ஸ்: ஏறட்டும், எறங்கிடும்.

கிளமென்ட்: எறங்கிடுச்சு! ஒரு சொட்டு சிந்தல... ஐயோ! ஒட்டகத்து மேல தண்ணி! சிந்திடுச்சு ஜாய்ஸ்!

ஜாய்ஸ்: அது ஃபாதர் தெளிக்கிற தீர்த்தங்க! அது கணக்குல வராது. நீங்க வேண்டிக்கிட்டது ஓடைத் தண்ணிக்கு மட்டும்தான்.

கிளமென்ட்: ஆமா, ஓடைக்குத்தான்... இரு. நான் வேண்டிக்கிட்டது உனக்கு எப்படித் தெரியும்?

அமலோற்பவம்: ஆமென்! சத்தமா சொல்லுங்க ரெண்டு பேரும். ஆமென்!

ஜாய்ஸ்: ஆமென்!

கிளமென்ட்: ஆமென்... போய்ட்டு வாங்க ஃபாதர். பூசையில பாக்கலாம்.

அமலோற்பவம்: ஃபாதர் சொல்லிட்டுப் போனதக் கேட்டியா? 'இந்த வருசம் பயமில்லாம செருப்போட நிக்கலாம் போலருக்கே கிளமென்ட்டு'ன்னு. வெள்ள நிவாரணம் அத்தோட முடிஞ்சுது போ!

கிளமென்ட்: அம்மா, பேச்ச மாத்தாத. ரெண்டு பேரும் சேந்து என் ஓடைய உடைச்சுப் போட்டிருக்கீங்க.

ஜாய்ஸ்: ஆமா, உடைச்சோம். நீங்க போகக் கூடாதுன்னு உடைச்சோம். எனக்கு நீங்க போறது புடிக்கலங்க. அத்தைக்கும் புடிக்கல. சொல்லத் தெரியாம கல்லு அடுக்குனோம். திட்டுறதுன்னா திட்டுங்க.

கிளமென்ட்: புடிக்கலயா? நான் போறதுக்கு நீ நாள எண்ணிகிட்டு இருக்கன்னு அம்மா சொல்லுச்சே?

அமலோற்பவம்: அது... ஒரு பேச்சுக்கு சொன்னதுடா.

கிளமென்ட்: அதக் கேட்டுட்டு நான் நேத்து பூரா சோறு திங்கல!

ஜாய்ஸ்: சிந்தலல்ல? வேண்டிக்கிட்டீங்கல்ல? இப்ப சொல்லுங்க. கடையா, குவைத்தா?

கிளமென்ட்: கடைதான். சாமிகிட்ட சொன்னா சொன்னதுதான்.

அமலோற்பவம்: என் ராசா! இரு, எல்லாருக்கும் பாயசம் வைக்கிறேன். மொதல்ல இந்த ஒட்டகத்த எடுத்து உள்ள வெச்சுட்டு வரேன். ராஜாக்கள் வரும்போது வரட்டும்.

கிளமென்ட்: அம்மா, விடு! அத நான் எடுத்துக்கறேன். பெயின்ட்டு...

அமலோற்பவம்: என்னடா பெரிய பெயின்ட்டு... ஏ, அடியில என்னமோ இருக்கு. நீல அட்டை... ஜாய்ஸு! பாஸ்போர்ட்டுடி!

ஜாய்ஸ்: அத்தை! மாதா மேல சத்தியம் பண்ணீங்களே!

அமலோற்பவம்: நான் வெக்கலடி! நீதான் வெச்சுட்டு என்னை ஏமாத்திட்ட!

ஜாய்ஸ்: நானா? ஒட்டகத்தைத் தொட விட்டீங்களா நீங்க என்னை? குடுங்க பாப்போம்... அட்டை மேல மட்டும் லேசா ஈரம், உள்ள ஒரு பொட்டு ஈரம் இல்ல. நாங்க போட்ட கரை அப்படி. இத வெச்சுகிட்டு நாளன்னிக்கு தாராளமா பிளேன் ஏறலாம். என்னங்க, ஏன் தலையச் சொறியுறீங்க?

கிளமென்ட்: சண்டை போடாதீங்க, வெச்சது நான்தான். சிந்தலன்னா இங்கயே இருப்பேன்னு வேண்டிக்கிட்டேன், ஆனா நான் கட்டுற ஓடை லட்சணம் எனக்குத் தெரியாதா, எப்படியும் சிந்தும்... சிந்தினா நேரா பாஸ்போர்ட்டு மேலயே சிந்தி அத நாசமாக்கட்டும்னுதான் ஓடைய ஒட்டகத்துப் பக்கம் திருப்பி விட்டேன்!